எதற்கெடுத்தாலும் ‘வெற்றி’ என்று மெயில் அனுப்பும் பேக்கப் பெட்டி

அலுவலகக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் நாஸ் பெட்டியில் சமீபத்தில் ஒரு டிஸ்க் போய்விட்டது. புதிதாக ஒன்றைப் போட்டு, மறுபடி எல்லாம் ஏறி முடிந்த கையோடு, சிறு தொழில் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்: “உங்ககிட்ட இருக்கிற அதே மாடல் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?” அவரிடம் ஒரு வரியில் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும் ரெய்டு 1 அமைப்பு. மற்ற விவரமெல்லாம் பெட்டி அட்டையிலேயே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் போன அன்று வேலை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பெட்டி பீப் பீப் என்று கத்தியதே தவிர, பில் போடுகிறவர்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் புது டிஸ்க் ஏறி முடியும்வரை மிச்சமிருப்பது ஒரே ஒரு பழைய டிஸ்க்தான். 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலெடுத்தாலே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் அந்தப் பழையது விடாமல் உழைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேட்ச்சில் வாங்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே வயது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத சந்தோஷம் ஸ்னாப்ஷாட். மணிக்கொரு தடவை அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும் என்பதால் டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்புவதில்லை. ஒரு தடவை விலைப்பட்டியல் மேல் யாரோ பழைய பட்டியலை சேவ் செய்துவிட்டார்கள். காலை நிலைக்குப் போய் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்து வந்தோம், முடிந்தது கதை. ரெய்டு இதைச் செய்யாது. தவறாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழிக்கும். கிளவுடோடு வெறுமனே ஒத்திசைத்து வைப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினியில் வந்தால் நெட்வொர்க் டிரைவில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும், ஸ்னாப்ஷாட்டில் கை வைக்க அதற்குப் பொதுவாகப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அதை எந்தக் கணினியிலும் சேமித்து வைக்காதீர்கள்.

சரி, இப்போது அந்த மெயிலுக்கு வருகிறேன்.

தினமும் ராத்திரி கணினிகளிலிருந்து பெட்டிக்கு பேக்கப் போகும். காலையில் மெயில் வரும்: “பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது.” பச்சை டிக், கூடவே ஒரு கொண்டாட்டப் படம். மாதா மாதம் பேக்கப்பில் இருப்பதைப் பழைய லேப்டாப் ஒன்றில் திருப்பி ஏற்றி (ரீஸ்டோர்) பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு மாதம் பார்த்தால் எல்லா ஃபைலும் புதியவை, கணக்கு ஃபைல் மட்டும் வாரக்கணக்கில் பழையது. நிரல் எழுதி வைக்கும் பதிவை (லாக்) தோண்டினால் அடியில் ஒரு வரி: “1 ஃபைல் தவிர்க்கப்பட்டது, பயன்பாட்டில் உள்ளது.” யாராவது கணக்கு மென்பொருளை மூடாமல் வீட்டுக்குப் போனால் அந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கும். பேக்கப் நிரல் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். தொழிலுக்கே உயிரான ஒரு ஃபைலை விட்டுவிட்டு வெற்றியாம்!

பூட்டிய ஃபைலையும் படிக்க விண்டோஸில் எக்ஸ்பி காலத்திலிருந்தே ஷேடோ காப்பி என்ற வசதி இருக்கிறது. இந்த நிரலிலும் அதற்கான விருப்பம் உண்டு, மூன்று மெனுவுக்கு அடியில், அணைத்து வைக்கப்பட்டு. அதைப் போட்டபின் கணக்கு ஃபைல் ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் மெயில் திருந்தவில்லை. கணினி அணைந்து கிடந்த ராத்திரிகூட “0 ஃபைல்கள் நகலெடுக்கப்பட்டன, வெற்றி” என்கிறது. ஆளே வராத வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துவிட்டு எல்லாரும் ஆஜர் என்று எழுதுவது போல. சேவை மையத்தில் கேட்டதற்கு, “வேலை பிழையில்லாமல் முடிந்ததால் அப்படித்தான் வரும் சார்” என்றார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது கொஞ்ச நாளாக ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் மெயில் அமைப்பில் இருந்த கோளாறால் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அங்கே மெயில் வரவில்லை. இங்கே வருகிறது, பொய் சொல்கிறது. எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

பெட்டி ஒன்றே போதும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அங்கேயே இருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். ஒரு பிரதி வெளியே இருக்கத்தான் வேண்டும். அதை கிளவுடில் வைப்பதாக இருந்தால் முதல் ஏற்றத்துக்குப் பொறுமை தேவை: நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடில் 1 டிபி ஏற ஒன்பது நாளுக்கு மேல்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் அலுவலகம், மொத்த டேட்டா ஒரு சின்ன டிஸ்க்கில் அடங்கிவிடும். மாற்றி மாற்றிச் செருக இரண்டு வெளி டிஸ்க், பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிளவுட் கணக்கு ஒன்று, அவருக்கு அது போதும். “அப்போ நீங்க வித்துடுவீங்களா?” என்றார். மாட்டேன், ஸ்னாப்ஷாட் பழகிவிட்டது. இவ்வளவு திட்டியும் விற்க மனமில்லை, என்ன செய்ய.

வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் கடையில் டெமோ கேளுங்கள். ஒரு ஃபைலைத் திறந்து வைத்தபடியே பேக்கப் ஓட்டச் சொல்லி, மெயிலின் தலைப்பில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.