வீட்டைப் பறித்தவன் வாடகை தர வேண்டுமா?

ஒருவர் வீட்டை இன்னொருவன் அபகரித்து ஓராண்டு குடியிருந்துவிட்டான். வீடு திரும்பக் கிடைத்தது, வாடகை? இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபியின் பழைய சட்டம் பொதுவாக இல்லை என்கிறது. அவர்களுக்கு ‘மால்’, அதாவது சொத்து, என்பது மனம் விரும்புவது, தேவைக்கு எடுத்துவைக்கக்கூடியது. உஸ்மானியப் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பான மஜல்லாவும் 126ஆம் பிரிவில் இப்படித்தான் சொல்கிறது. குடியிருந்த சுகத்தை எந்தப் பெட்டியில் பூட்டிவைப்பது? வக்ஃபு, அனாதைச் சொத்துகளுக்கும் வாடகைக்கென்றே வைத்திருக்கும் சொத்துகளுக்கும் மட்டும் பின்னாளில் விலக்கு தந்தார்கள். இன்னொரு பள்ளியான ஷாஃபிகளோ பயனும் மால்தான் என்று வாடகை கேட்பார்கள். எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

1804இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. அனுபவ உரிமையும் கம்பெனிப் பங்கும் அங்கே சொத்தே. இன்னொரு வேறுபாடும் உண்டு: முஸ்லிமின் மதுக்குடத்தை உடைத்தால் ஹனஃபியில் இழப்பீடில்லை. ஆட்சிக்குட்பட்ட கிறிஸ்தவருடையது என்றால் உண்டு. பிரெஞ்சுச் சட்டம் குடத்துக்காரரின் மதத்தைக் கேட்பதில்லை.