வேபேக் மெஷினில் ஜியோசிட்டீஸ் பார்ப்பது எப்படி இருக்கிறது?

1999இல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபரில் மூடிய ஜியோசிட்டீஸ் என்ற இலவச சொந்த இணையப்பக்கச் சேவையின் பக்கங்களைச் சுற்றிப் பார்க்க, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் போதும். காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

தேடுபெட்டியில் முகப்பு முகவரியை மட்டும் போட்டால் ஏமாற்றம்தான். ஜியோசிட்டீஸ் தன் பக்கங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருந்த ‘பேட்டை’யின் பெயரையும் சேர்க்க வேண்டும்: ஏரியா51 என்றால் அறிவியல் புனைகதை, ஹாலிவுட் என்றால் சினிமா. அதன்பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டால் சேமித்த கோப்புகளின் பட்டியல் விரியும். அங்கேதான் சுவாரசியம்: மின்னும் எழுத்து, ஓடும் வாசகம், நிரந்தரமாக ‘கட்டுமானப் பணி நடக்கிறது’ பலகை!

குறைகளும் உண்டு. விருந்தினர் ஏடும் வருகை எண்ணியும் சர்வரில் ஓடியவை, உயிரோடு வராது. அந்தப் பக்கங்களில் ஒலித்த மிடி (MIDI) இசைக் கோப்புகளை இன்றைய பிரவுசர்கள் தாமாக வாசிப்பதில்லை. பக்க மூலத்தில் (வியூ சோர்ஸ்) கோப்பின் பெயரைப் பிடித்து, இறக்கி, தனி பிளேயரில் கேட்க வேண்டியதுதான். படங்கள் விடுபட்டிருந்தால் முகவரியிலுள்ள 14 இலக்க நேரமுத்திரையைக் கவனியுங்கள். முதல் நான்கு இலக்கம் ஆண்டு; வேறு தேதிப் பதிவில் அதே படம் கிடைக்கலாம்.

வேகம் மந்தம். முகவரி தெரியாமல் சும்மா மேய்வதற்கு, சிறுபடங்களோடு பேட்டைவாரியாக அடுக்கிய ரெஸ்டோரேட்டிவ்லேண்ட் தளம் மேல்.