உயர்த்திய டகோமாவில் 5 ஆண்டுகள்: அடியில் சுழல்பவை என்ன ஆயின?

டென்வரில் வசிக்கிறேன். என் வண்டி 2019 மாடல் டொயோட்டா டகோமா பிக்கப், டி.ஆர்.டி. ஆஃப் ரோடு ரகம், 3.5 லிட்டர் வி6, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வாங்கி ஆறு மாதத்திலேயே சஸ்பென்ஷனை மாற்றித் தரையிலிருந்து உயர்த்திவிட்டேன். அதன்பிறகு 62,000 மைல், அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. யூட்டாவின் மோவாப் பாறைகளில் ஏறியிருக்கிறது, கொலராடோவில் 13,114 அடி உயரத்து இமோஜீன் கணவாயை மூன்று முறை தாண்டியிருக்கிறது, மற்ற நாட்களில் அலுவலகமும் மளிகைக் கடையும். லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகத் தொகுப்பு, வாங்கப்போகிறவர்கள் என்னிடம் ஷாக் பற்றியும் டயர் பற்றியும்தான் கேட்கிறார்கள். என் பணமும் நேரமும் போனது ஆக்சில், ஷாஃப்ட், ஆக்சிலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியன் ஆகியவற்றில்தான். அதனால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் முன்பக்கம். இந்த வண்டியில் முன் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி, சேஸிஸோடு பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டியை உயர்த்தினால் அதுவும் கூடவே மேலே போய்விடும்; சக்கரம் தரையில்தான் இருக்கும். இரண்டையும் இணைக்கும் சி.வி. ஆக்சில் அந்த வித்தியாசத்தைச் சாய்வாக நின்று சமாளிக்கிறது. நான் முதலில் வைத்தது 3 அங்குலம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாய்வில் ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றையொன்று உரசும். 14 மாதத்தில் இடது பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருந்தது. மணல் உள்ளே புகுந்து, திருப்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். ஆக்சிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

பலர் கவனிக்காத ஒன்று: டகோமாவில் முன் சக்கரங்களுக்கு லாக்கிங் ஹப், அதாவது சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் அமைப்பு, கிடையாது. இரு சக்கர ஓட்டத்தில் போனாலும் சி.வி. ஆக்சில்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். "நான் மாதம் ஒருமுறைதான் ஃபோர் வீல் போடுவேன், எனக்குத் தேயாது" என்று நினைப்பது தவறு. அலுவலகம் போய்வரும் ஒவ்வொரு மைலும் அந்தச் சாய்வில்தான் சுற்றுகிறது.

இதற்கு மருந்தாக டிஃப் டிராப் என்று ஒரு கிட் விற்கிறார்கள். நானும் போட்டேன். டிஃபரன்ஷியலின் முன்பக்கத் தாங்கிகளை மட்டும் ஓர் அங்குலம் இறக்குவார்கள். அதனால் டிஃபரன்ஷியல் முன்பக்கமாகச் சாயும். ஆக்சில் வெளிவரும் இடம் கொஞ்சம்தான் இறங்கும். என் அளவில் பெரிய பயன் இல்லை, கழற்றிவிட்டேன். உண்மையில் வேலை செய்தது உயரத்தை இரண்டேகால் அங்குலமாகக் குறைத்ததுதான். முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு 40,000 மைல், அதே பூட்கள், ஒரு கீறல் இல்லை.

பாறையில் ஏறும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்குகிற நிலைதான் ஆக்சிலுக்கு ஆபத்தானது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடையும். ஷாக் எவ்வளவு நீளம்வரை விரியும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த நீளம்தான்.

பின்பக்கம் வேறு கதை. கமான் பட்டாவை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றி 2 அங்குலம் உயர்த்திய மறுநாளே, சிக்னலில் கிளம்பும்போது வண்டி உதற ஆரம்பித்தது. 20 மைல் வேகம் தாண்டினால் நின்றுவிடும். இங்கே இரண்டு கடைகளில் டயர் பேலன்ஸ் செய்யச் சொன்னார்கள். செய்தும் போகவில்லை. நாமக்கல்லில் இருக்கும் என் மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போனில் சொன்னதும் உடனே கேட்டார்: "கிளம்பும்போது மட்டும் உதறுதாப்பா? அப்போ சென்டர் பேரிங்கைப் பாரு."

அவர் சொன்னது சரி. இந்த வண்டியில் பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். ஷாஃப்டை இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட், நம் ஊர் மெக்கானிக்குகள் கிராஸ் என்பார்களே, அது சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அடுத்த கிராஸ் அதே கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டிவிடும். உயர்த்தியதில் அந்தச் சமநிலை கெட்டிருந்தது. டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து அளந்தேன். சென்டர் பேரிங்கை வாஷர் வைத்து அரை அங்குலம் இறக்கி, பட்டாவுக்கும் பின் அச்சின் உறையான ஹவுசிங்குக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு வைத்ததும் உதறல் நின்றது. வாஷருக்கு 12 டாலர், ஆப்புக்கு 40 டாலர்.

அடுத்து கியர் விகிதம். டயரை 265/70 ஆர்16-லிருந்து 285/70 ஆர்17-க்கு மாற்றினேன். விட்டம் 30.6 அங்குலத்திலிருந்து 32.7. ஏறத்தாழ 7 சதவீதம் பெரிது, எடையும் அதிகம். தொழிற்சாலையிலிருந்து வந்த 3.909 விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 3.909 முறை சுற்றும்), இந்த டயரோடு 3.66 போல நடந்துகொள்ளும். சமவெளியில் பொறுத்துக்கொள்ளலாம். டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறிப் பாருங்கள். சுமார் 11,000 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 3 சதவீதம் போலச் சக்தி இழக்கும். கியர் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தது. ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய் சூடாவதை நினைத்து எனக்குப் பயம்.

இரண்டு வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் 4.88 விகிதக் கியர் போட்டேன். முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்து, ஏதாவது உடையும். 2,400 டாலர் ஆயிற்று. அதிலும் ஒரு வலி: முதலில் செய்த கடையில் கியர் பற்களுக்கு இடையிலான இடைவெளியைச் சரியாக வைக்கவில்லை, 50 மைல் வேகத்தில் ஊளையிட்டது. வேறு ஒருவர் பிரித்து, பல்லில் சாயம் தடவி, படியும் இடத்தைப் பார்த்து மறுபடி அமைத்தார். கிட் விலையைவிட, அமைப்பவரின் கைதான் முக்கியம். முதல் 500 மைல் நிதானமாக ஓட்டி, கியர் ஆயிலை மாற்றினேன். வடித்ததில் மெல்லிய உலோகத் துகள் மின்னியது.

இப்போது 70 மைலில் ஆறாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைச் சற்றே தாண்டும். சுரங்கம்வரை ஐந்தில் அமைதியாக ஏறுகிறது. மைலேஜ் முன்பு காலனுக்கு 20 மைல், பெரிய டயரில் 16.5, கியர் மாற்றியபின் 17. பெரிய டயரில் ஓடோமீட்டர் சுமார் 6 சதவீதம் குறைவாகக் காட்டும். அதைத் திருத்திய கணக்கு இது.

இன்று தொடங்கினால் கியருக்கான பணத்தை டயர் வாங்கும் அன்றே ஒதுக்கிவிடுவேன். டிஃபரன்ஷியலுக்குள் காற்று வந்துபோகும் பிரீதர் குழாயையும் மேலே நீட்டிவிடுவேன். ஓடையில் இறங்கினால் சூடான ஹவுசிங் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சும், 30 டாலர் வேலை அது. இப்போதும் ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் டார்ச்சோடு அடியில் படுத்து நான்கு பூட்களையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். போன வாரமும் பார்த்தேன். விரலில் தூசிதான் ஒட்டியது, கிரீஸ் இல்லை.