செலக்டருக்கு நான்-ஷார்ட்டிங், வால்யூமுக்கு ஷார்ட்டிங்: மூடிய ரோட்டரி ஸ்விட்ச் எப்படி இருக்கு?

கடலோர ஊரான மண்டபத்துல மைக் செட் தொழில். இந்தக் கரையில ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினா முதல்ல கறுத்துக் கிடக்குறது ரோட்டரி ஸ்விட்ச்தான், அதாவது படிப்படியா திருப்புற ஸ்விட்ச். உப்புக்காத்து ஒரு பக்கம். ஒதுங்குன கடல்பாசி அழுகும்போது வர்ற கந்தக வாயு இன்னொரு பக்கம். வெள்ளி முலாம் அதுல சீக்கிரம் கறுத்துரும். அதனால தொடுமுனை வெளியே தெரியுற தட்டு மாதிரி வேஃபர் ஸ்விட்சை விட்டுட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள மூடிய, தங்க முலாம் போட்ட ஸ்விட்ச் ரெண்டு மதுரையில வாங்கி மாட்டுனேன். ஐப்பசி மழை தாண்டியும் கரகரப்பு இல்லை. மைக், லைன் மாதிரி சின்ன சிக்னலுக்கு இதை மனசார சொல்றேன்.

குறை ஒண்ணு, அது பெரிய குறை. ஷார்ட்டிங்கா (அடுத்த முனையைத் தொட்ட பிறகுதான் பழையதை விடும்), நான்-ஷார்ட்டிங்கானு (பழையதை விட்டுட்டு அடுத்ததைத் தொடும்) ஸ்விட்ச் உடம்புல எங்கயும் போடலை. கடைக்காரர் "எத்தனை போல், எத்தனை வே அண்ணே?"னு மட்டும்தான் கேட்டார்; போல்னா ஒரே நேரத்துல மாத்துற தனித்தனி சர்க்கியூட், வேன்னா படி. ஷார்ட்டிங்கா இல்லையானுதான் முதல்ல கேட்கணும்.

எந்த இன்புட் வேணும்னு தேர்ந்தெடுக்குற செலக்டருக்கு 2 போல் 6 வே, நான்-ஷார்ட்டிங். பழைய முனையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். இங்க ஷார்ட்டிங் போட்டா, திருப்புற நேரத்துல போன் அவுட்புட்டும் கீபோர்டு அவுட்புட்டும் ஒண்ணோடொண்ணு சேர்ந்துரும். "டப்"னு சத்தம் வராம இருக்க ஒவ்வொரு இன்புட்டுலயும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வச்சேன். கப்பாசிட்டர்ல தேங்குற சார்ஜ் அது வழியா வடிஞ்சிரும்.

வால்யூமுக்கு 1 போல் 12 வே, 30 டிகிரிக்கு ஒரு படி. இதுக்கு ஷார்ட்டிங்தான் வேணும். என் சர்க்கியூட்ல சிக்னல் பாதையில நிலையா ஒரே ரெசிஸ்டர். கிரவுண்டுக்குப் போற ரெசிஸ்டரை மட்டும் ஸ்விட்ச் மாத்தும். இதுல நான்-ஷார்ட்டிங் வந்தா ரெண்டு படிக்கு நடுவுல கிரவுண்டு பக்கம் அறுந்து, அந்தக் கண நேரத்துக்கு முழுச் சத்தமும் பாயும். ஹார்ன் யூனிட்டோட டயஃப்ரம் என்னத்துக்கு ஆகும்? கோயில் கொடையில முன்வரிசையில பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்க, அவங்க காதையும் நினைக்கணும்.

சோதிக்கிறது லேசு. மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வச்சு, பக்கத்துப் பக்கத்து முனை ரெண்டுலயும் புரோபைத் தொட்டு, தண்டை ரொம்ப மெதுவா திருப்புங்க. நடுவுல பீப் வந்தா ஷார்ட்டிங், வராட்டி நான்-ஷார்ட்டிங். கடையிலயே பண்ணிருங்க, சால்டர் வச்ச பிறகு திருப்பி எடுக்க மாட்டாங்க.

நிறுத்த வளையத்தைச் சரியான துளையில போட்டாத்தான் வேண்டிய படியோட நிக்கும்; நட்டை இறுக்குறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் டேப் (சுருளோட நடுவுல இருந்து எடுத்த முனை) மாத்த இந்தத் தங்க முலாம் ஸ்விட்ச் வேண்டாம். கரண்ட் அதிகம், பொறியில முலாம் எரிஞ்சிரும். அங்க தடிமனான வெள்ளித் தொடுமுனை, அதுவும் நான்-ஷார்ட்டிங். ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிட்டு மட்டும் திருப்புங்க.