‘அப்பு, ஓடியா!’ – கூப்பிட்டால் மணி அடிக்கும் பெட்டி, பள்ளத்தூர் வீட்டில் எப்படி வேலை செய்கிறது?

ஆத்தாவுக்காக, அதாவது என் அம்மாவுக்காக, ஒரு கருவி வாங்கினோம். குறிப்பிட்ட ஒரு சொல்லைச் சொன்னால் வீட்டுக்குள் மணி அடிக்கும், நாம் கொடுத்து வைத்த எண்களுக்கு வரிசையாகப் போன் போகும். தீபாவளிக்கு முன்னால் மாட்டினோம், இப்போது பங்குனி முடியப்போகிறது. கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இந்த வகைப் பெட்டி பல பெயர்களில் விற்கிறது, நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடு என்றால், எந்தப் பெட்டி என்று யோசிப்பதைவிட அதை எங்கே வைப்பது, யாருக்கு முதலில் போன் போவது என்று யோசிப்பதுதான் முக்கியம்.

7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. சிம் போடும் பெரிய பெட்டி ஒன்று, அறைகளில் வைக்கும் சின்னப் பெட்டிகள் மூன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டன். சொல்லை அடையாளம் காண்பது பெட்டிக்குள்ளேயே நடப்பதால் இன்டர்நெட் தேவையில்லை. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். எங்கள் வீட்டில் வைஃபை முகப்பைத் தாண்டி வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய தூண் கூடம்) வருவதற்குள் மூச்சு வாங்கும், அதற்கும் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில் சுத்தமாக இல்லை. இரண்டாவது காரணம் மொழி. அலெக்சா ஸ்பீக்கருக்குத் தமிழ் வராது. போனில் இருக்கும் கூகுள் அசிஸ்டென்ட்டுக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஆத்தா போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். இந்தப் பெட்டியில் நம் சொல்லை நம் குரலிலேயே பதிந்துகொள்ளலாம்.

பெட்டியோடு வந்த சொல் ‘ஹெல்ப் மீ’. “விழுந்து கெடக்கும்போது நான் வெள்ளைக்காரி மாதிரி கத்தணுமா?” என்று கேட்டார் ஆத்தா. நியாயம்தானே. வலி வந்தால் அவர் வாயில் வருவது ‘முருகா’. அதையே வைத்தால் என்ன ஆகும்? உட்கார்ந்தால் முருகா, எழுந்தால் முருகா, குன்றக்குடி பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலும் முருகா. வீடு முழுக்க நாள் பூராவும் மணி அடிக்கும். அதனால் கடைசியில் ‘அப்பு, ஓடியா’ என்று வைத்தோம். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், அதுவும் அவசரமாக இருந்தால் மட்டும். ஒரே ஒரு சொல்லை வைக்காதீர்கள், டிவியில் எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். பதியும்போது உட்கார வைத்துத் தெளிவான குரலில் மட்டும் பதியாமல், படுத்துக்கொண்டு, குரலை இறக்கி, இழுத்து இழுத்துச் சொல்ல வைத்தும் பதியுங்கள். ஆபத்தில் வரப்போவது அந்தக் குரல்தான். இதைக் கையேட்டில் போட்டிருக்கலாம், போடவில்லை.

அடுத்தது வீடு. பெட்டியை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது பத்துக்குப் பன்னிரண்டு ஃபிளாட் அறையாக இருக்க வேண்டும். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி வழவழப்பாக்கிய சுண்ணாம்புச் சுவர், எங்கோ உயரத்தில் கூரை. சத்தத்தை உறிஞ்ச எதுவும் இல்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. மனிதக் காது அதைப் பிரித்துக்கொள்ளும், பெட்டி திணறுகிறது. ஆத்தாவின் அறைக்குள் மெத்தை, துணிமணி, மரப்பெட்டி எல்லாம் இருப்பதால் பிரச்சினை இல்லை, எந்த மூலையில் இருந்து கூப்பிட்டாலும் கேட்கிறது. அதே பெட்டியை வளவுத் தூணில் மாட்டினால் ஏழெட்டு அடிக்கு மேல் நம்ப முடியாது. தூணுக்குப் பக்கத்தில் கெட்டியான ஜமுக்காளம் ஒன்றை விரித்த பிறகு கொஞ்சம் தேவலை.

மாட்ட வந்த பையன் மதுரையில் இருந்து வந்தான். நல்ல பையன், வேலை சுத்தம். ஆனால் சின்னப் பெட்டிகளையெல்லாம் சுவிட்ச் போர்டு உயரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். விழுந்தவர் தரையில் கிடப்பார் அல்லவா? கட்டிலுக்கு மறுபக்கம் தரையில் நான் படுத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. முழங்கால் உயரத்துக்கு இறக்கினோம், கேட்டது. முழுக் குடும்பமும் சிரித்தது, அது வேறு விஷயம். எல்லாவற்றுக்கும் மேல் முக்கியம் குளியலறை. பழைய வீடுகளில் அது பின்கட்டில்தான் இருக்கும். ராத்திரி இருட்டில் நீண்ட நடை, ஈரத் தரை, ஒரு படி ஏற்றம், ஒரு படி இறக்கம். குழாய் திறந்திருந்தால் பெட்டிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அங்கே குரலை நம்பாமல் கழுத்துப் பட்டனைத்தான் நம்புகிறோம். தாலிச் சங்கிலியோடு இதுவுமா என்று முதலில் முகம் சுளித்தார், இப்போது பழகிவிட்டது.

விழுவதைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் வயதானவர்கள்தான் அதிகம். விழுந்ததோடு போவதில்லை. எழ முடியாமல் மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கிச் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். சீக்கிரம் யாராவது போய்ச் சேர்வதுதான் பாதி வைத்தியம்.

அந்த ‘யாராவது’ யார்? பெட்டியில் ஐந்து எண்கள் போடலாம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிதான் பணம் அனுப்பினான் என்பதால் அவன் எண் முதலில் ஏறியது, அடுத்தது கோயம்புத்தூரில் இருக்கும் ஆச்சி (அக்கா). ஒருநாள் சாயங்காலம் சீரியலில் யாரோ ‘அப்பு’ என்றும் இன்னொருவர் ‘ஓடியா’ என்றும் அடுத்தடுத்துக் கத்த, பெட்டி கிளம்பிவிட்டது. மணி அடித்து 20 விநாடிக்குள் ரத்து பட்டனை அழுத்த வேண்டும். நாங்கள் அடுப்படியில் இருந்து வருவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. தம்பி அங்கிருந்து பதறுகிறான், ஆச்சி அழுதுகொண்டே எல்லாருக்கும் போன் போடுகிறார், பத்தடி தூரத்தில் ஆத்தா முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார். அன்றைக்கே வரிசையை மாற்றினேன். முதலில் நான், அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன், மூன்றாவது பகலில் ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண். வெளியூர்க்காரர்கள் கடைசியில். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாங்கியில் இருந்து திருச்சிக்கு விமானம் ஏறி வந்தா ஆத்தாவைத் தூக்கிவிடப் போகிறான்? பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் கொடுத்து வைத்திருக்கிறோம். இந்த முகப்புக் கதவை உடைத்துக்கொண்டு யாரும் உள்ளே வர முடியாது. இன்னொன்று, இந்தப் பெட்டி 108-ஐக் கூப்பிடாது. அதை வீட்டுக்கு வந்து சேர்கிறவர்தான் கூப்பிட வேண்டும்.

கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது மார்கழியில் ஒரு விடிகாலை. ஆத்தா இன்சுலின் போடுபவர், முந்தின ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மாடியில் எங்கள் அறையில் மணி அடித்தது. இறங்கிப் போனால் உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 54, ரொம்பக் குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறிய பிறகு இட்லி கொடுத்தோம். இரண்டு தடவை கூப்பிட்டதாகச் சொன்னார், பெட்டி எடுத்தது இரண்டாவதை. அந்தக் குழறலைப் பெட்டி புரிந்துகொண்டதே பெரிய விஷயம். மாடியில் தூங்கும் எனக்கு அந்தக் குரல் நிச்சயம் கேட்டிருக்காது.

குறைகள் உண்டு. கரண்ட் போனால் எட்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒன்பதில் இருந்து ஐந்து வரை கரண்ட் நிறுத்தும் நாளில் மூன்று மணிக்கே ‘பேட்டரி குறைவு’ என்று கத்த ஆரம்பிக்கிறது. சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தால் சொல்வதே இல்லை, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் சேவையில் இந்தியும் இங்கிலீஷும்தான். எனக்குச் சமாளிக்க முடிகிறது, வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில் என்ன செய்வார்கள்? மாதச் சந்தா இல்லை என்பது நிம்மதி. அமெரிக்காவில் அமேசான் இதே வேலைக்கு ‘அலெக்சா டுகெதர்’ என்று மாதம் 19.99 டாலரில் ஒரு சேவையை 2021 டிசம்பரில் தொடங்கி 2024 ஜூனில் மூடிவிட்டது. பெட்டி நம்முடையதாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

பெட்டி எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்குமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆத்தாவுக்கும் அதே சந்தேகம், காரணம்தான் வேறு: “ஒம் பொண்டாட்டியப் பத்தி நான் பேசுறதும் அதுக்குள்ள போகுமா?” போகாது ஆத்தா, இன்டர்நெட்டே இல்லை என்றேன். நம்பவில்லை, அறைக் கதவைச் சாத்திவிட்டு வளவில் வந்து பேசுகிறார்.

பார்த்துக்கொள்பவர் ராத்திரியும் அதே அறையிலேயே படுப்பவர் என்றால் இது வேண்டாம், சில நூறு ரூபாய் வயர்லெஸ் காலிங் பெல் போதும். குரல் தெளிவில்லாத பக்கவாதக்காரர்களுக்கும் பட்டன்தான் நல்லது. மற்றவர்கள் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, டிவியைப் போட்டு, தரையில் படுத்துக்கொண்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.