வருகிற வண்டியா, நிற்கிற வண்டியா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய நிலைக்கதவு, தூண், மரப்பெட்டி வாங்கி விற்பது என் தொழில். ஆத்தங்குடி தரைக்கல்லும் வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறேன். லோடு வண்டியோடு முப்பது வருஷப் பழக்கம் என்பதால், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் போன மாதம் ஒரு கேள்வியோடு கூப்பிட்டான். "மாமா, ஆர்டர் போட்ட வண்டிக்குக் காத்திருக்கவா? இல்லை, ஷோரூமில் நிற்கிறதை எடுத்துட்டு வந்துடவா?"

அவன் ஆர்டர் போட்டிருப்பது ஃபோர்ட் மேவரிக், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் பிக்கப். நிறம், சீட், கூடுதல் சாமான் எல்லாம் சொல்லி ஃபாக்டரிக்கு எழுதிக்கொடுத்தது. ஆறு மாதம் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லித்தான் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இதற்கிடையில் வேறொரு ஷோரூமில் அதே மேவரிக், மின்மோட்டார் இல்லாத டர்போ பெட்ரோல் இன்ஜினோடு தயாராக நிற்கிறது. சாவி வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் ஒட்டியிருக்கிற விலைக்கு மேல் 3,000 டாலர் கேட்கிறார்கள். அந்த ஊரில் யாரும் தட்டிக் கேட்காத பழக்கம் அது. நம்மூரில் ஏதாவது ஒரு கூடுதல் பில்லை நீட்டுவார்கள். அங்கே நேராகவே எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

அவன் வண்டி கேட்பது வார நாட்களில் ஆபீசுக்கும், சனி ஞாயிறில் பலகை, மண், செடி ஏற்றவும். வீட்டில் மரவேலை செய்கிற பையன். நம்ம தெரு ரத்தம்.

முதலில் வண்டி. மேவரிக் 2021 ஜூனில் அறிமுகமானது. மெக்சிகோவில் ஹெர்மோசியோ என்ற ஊரில் தயாராகிறது. முதல் மாடலில் ஹைபிரிட்தான் அடிப்படை வண்டி, ஆரம்ப விலை 19,995 டாலர். டர்போவுக்குத்தான் கூடுதல் பணம். ஜனங்கள் மொய்த்தார்கள். 2022 ஜனவரி முடிவதற்குள் அந்த மாடல் ஆண்டுக்கான ஆர்டர் புத்தகத்தையே மூடிவிட்டார்கள். சிப் தட்டுப்பாடு உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த காலம் வேறு. விலை குறைவாகவும் பெட்ரோல் கம்மியாகவும் ஒரு வண்டி இருந்தால் வரிசை நீளும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இரண்டு இன்ஜினுக்கும் உள்ள வித்தியாசம் பெயரில் இருப்பதைவிடப் பெரியது. ஹைபிரிடில் 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அட்கின்சன் சுழற்சி முறை. இழுவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிற முறை. விட்டுக்கொடுத்த இழுவையை மின்மோட்டார் ஈடுகட்டுகிறது. சேர்த்து 191 குதிரைத்திறன். பேட்டரி வெறும் 1.1 கிலோவாட் மணி. சார்ஜரில் மாட்டுகிற வேலை கிடையாது. பிரேக் அழுத்தும்போது வீணாகப் போகிற வேகத்தைப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொண்டு, அடுத்த சிக்னலில் கிளம்பும்போது அதையே திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் இந்த வண்டி நெரிசலில் நன்றாகவும் நெடுஞ்சாலையில் சுமாராகவும் மைலேஜ் கொடுக்கும். மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு.

2022 முன்சக்கர இயக்க மாடலுக்கு அமெரிக்க அரசு அளவீட்டை நம்ம கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஹைபிரிட் ஊருக்குள் லிட்டருக்குச் சுமார் 18 கி.மீ., நெடுஞ்சாலையில் 14. டர்போ ஊருக்குள் 10, நெடுஞ்சாலையில் 12.7. இரண்டும் கலந்து ஓட்டினால் 15.7-க்கு 11. பிறகு வந்த மாடல்களிலும் இந்த இடைவெளி குறையவில்லை.

பையன் வருஷத்துக்கு 20,000 கி.மீ. ஓட்டுவான். டர்போவுக்கு வருஷத்துக்கு 540 லிட்டர் பெட்ரோல் அதிகம் செலவாகும். கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், 3 டாலர் என்று வைத்தால் சுமார் 430 டாலர். மாதத்துக்கு 36 டாலர். இந்த 36 டாலரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவுதானா மாமா? இதுக்கா ஆறு மாசம்?"

நான் சொன்னேன், மாப்பிள்ளை, காத்திருக்கிற செலவு பெட்ரோலில் இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு லோடு வண்டிக்கு முன்பணம் கட்டினேன். எந்த ஊர் ஷோரூம் என்று சொல்லவில்லை. பதினைந்து நாளில் வண்டி என்றார்கள். அந்த நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டியை விற்றேன். பதினைந்து நாள் நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மதுரைக்கும் திருச்சிக்கும் கல்லும் கதவும் வாடகை வண்டியில் போனது. வாடகை மட்டும் 40,000 ரூபாயைத் தாண்டியது. வாடகை டிரைவர் வைக்கோல் வைக்காமல் அடுக்கியதில் இரண்டு பெட்டி கல் மூலை உடைந்தது தனிக் கணக்கு. புது வண்டி வந்தபோது சந்தோஷமே வரவில்லை. கடன்காரன் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஆகவே நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இப்போது கையில் ஓடுகிற வண்டி இருக்கிறதா? இருக்கிறது, பழைய கார், பெயிண்ட் போயிருக்கிறது, ஆனால் ஓடுகிறது. அதை விற்கவில்லையே? இல்லை. சரி, அப்படியானால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டோம். பலகை ஏற்ற மாதம் இரண்டு தடவை வாடகை பிக்கப் எடுக்கிறான், தடவைக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 600 டாலர். நிற்கிற வண்டியை எடுத்தால் இந்த 600 மிச்சம். ஆனால் மேல்விலை 3,000 உடனே போகும். எட்டு வருஷம் வைத்திருந்தால் பெட்ரோலில் இன்னும் 3,400 போகும். 600-ஐக் காப்பாற்ற 6,400 கொடுக்கிற வியாபாரம். பழைய மரத்தில் இப்படி ஒரு பேரம் பேசினால் தெருவே சிரிக்கும்.

நிற்கிற வண்டிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. டர்போவில் 250 குதிரைத்திறன். பொருத்தமான பேக்கேஜ் போட்டால் 4,000 பவுண்டு வரை, அதாவது 1,800 கிலோ வரை, பின்னால் கட்டி இழுக்கும். ஆரம்ப ஹைபிரிட் அதில் பாதிதான் இழுக்கும். படகோ குதிரை ஏற்றுகிற டிரெய்லரோ இழுக்கிறவன் யோசிக்காமல் டர்போவை எடுத்துவிடலாம். அதோடு ஆரம்பத்தில் ஹைபிரிட் முன்சக்கர இயக்கத்தில் மட்டும்தான் வந்தது. 2025 மாடலில்தான் நான்கு சக்கர இயக்கம் கிடைத்தது. பனியும் சேறும் உள்ள ஊர்க்காரர்களுக்கு அதுவரை டர்போதான் கதி. டல்லாஸ் வெயிலுக்கு அது தேவையில்லை. அவன் இழுக்கப்போவதும் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் பையனுக்கு ஒரு சபலம் வந்தது. காத்திருப்பதே காத்திருக்கிறோம், பெரிய ஹைபிரிடாகப் பார்த்தால் என்ன? எஃப்-150 பவர்பூஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 3.5 லிட்டர் வி6, மோட்டாரோடு சேர்த்து 430 குதிரைத்திறன். அதன் பின்பாடியிலேயே பிளக் வைத்து 7.2 கிலோவாட் வரை கரண்ட் எடுக்கலாம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கப் பனியில் உறைந்து கரண்ட் போனபோது, இந்த வண்டி வைத்திருந்தவர்கள் வீட்டுக்கே அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். பையன் அதைக் கண்ணால் பார்த்தவன், மறக்கவில்லை. எனக்கும் அது பிடித்த விஷயம்தான். ஆனால் விலையும் உடம்பும் எங்கேயோ நிற்கின்றன. அவன் வீட்டு ஷெட்டில் அது நுழையாது. நுழைந்தால் மரவேலை மேஜை வெளியே போக வேண்டும்.

டொயோட்டா டகோமா ஹைபிரிட் பற்றியும் கேட்டான். 2.4 லிட்டர் டர்போ, மோட்டாரோடு 326 குதிரைத்திறன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைபிரிட் என்று எழுதியிருந்தால் சிக்கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டகோமாவில் மோட்டாரைச் சேர்த்திருப்பது பலத்துக்காக, பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல. மலையேற ஆசைப்படுகிறவனுக்கு அது சரி. விலையும் மேவரிக்கைவிட நிறையவே அதிகம். பிஒய்டி ஷார்க் என்று சார்ஜரில் மாட்டுகிற ஹைபிரிட் பிக்கப் ஒன்று 2024-ல் மெக்சிகோவில் வந்தது, அமெரிக்காவில் விற்பதில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு குறை மட்டும் என் கண்ணை உறுத்தியது. மேவரிக்கின் பின்பாடி நாலரை அடி. பின்கதவை இறக்கினால் ஆறடி. செட்டிநாட்டு வீட்டு முகப்புக் கதவு ஒன்றை அதில் படுக்க வைத்தால் பாதி தெருவில் நிற்கும். "நீங்க கதவு அனுப்பப் போறீங்களா மாமா?" என்று கேட்டான். அனுப்பினாலும் அனுப்புவேன், சொல்ல முடியாது.

சரி, இதே கேள்வி காரைக்குடியில் எனக்கு வந்தால்? இங்கே ஹைபிரிட் பிக்கப்பே விற்பனையில் இல்லை. ஹைபிரிட் வேண்டும் என்றால் இன்னோவா ஹைகிராஸ் மாதிரி கார்தான். பிக்கப் என்று பார்த்தால் டொயோட்டா ஹைலக்ஸ், 2022-ல் வந்தது, 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன். இசுசு வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், நம்ம பக்கத்து மாநிலத்தில் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. இரண்டும் பார்க்க அழகு. கானாடுகாத்தானில் வீட்டை ஹோட்டலாக்கியவர் வாங்கி வாசலில் நிறுத்தலாம், விருந்தாளிகள் படம் எடுப்பார்கள். கல் ஏற்றுகிறவனுக்கு அது தோதுப்படாது. ஆத்தங்குடி கல் சிமெண்டும் மணலும். ஒரு வீட்டுக்கான கல்லை ஏற்றினால் வண்டிக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டை நேராகிவிடும். அதற்கு டாடா யோதாவோ மஹிந்திரா பொலேரோ பிக்கப்போதான்.

ஹைபிரிடுக்கு இங்கே கிட்டத்தட்ட ஒப்பான ஒன்று டாடா இன்ட்ரா வி20. 2022 செப்டம்பரில் வந்தது, பெட்ரோலும் சிஎன்ஜியும் இரண்டுமே போடலாம், ஒரு டன் ஏற்றும். இதில் மோட்டார் கிடையாது, பிரேக்கிலிருந்து ஒன்றும் திரும்பி வராது. எரிபொருளை மாற்றிக்கொள்கிற வசதி மட்டும். ஆனாலும் எனக்கு அது போதும் என்றுதான் தோன்றுகிறது. என் ஓட்டம் காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கி.மீ., திருச்சியும் அதே அளவு. பெரும்பாலும் நேர்ச்சாலை. பிரேக்கிலிருந்து சேர்க்க என்ன இருக்கிறது? ஊருக்குள்ளேயே சுற்றுகிற குட்டியானைக்காரர்களுக்கு ஹைபிரிட் வந்தால் கொண்டாட்டம். எனக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

காத்திருப்பு விஷயத்தில் மட்டும் நம்மூருக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஆடியில் டெலிவரி எடுக்க ஆள் இருக்காது. மார்கழியிலும் அப்படித்தான். ஆவணிக்கும் தைக்கும் வரிசை கட்டி நிற்பவர்கள் அப்போது ஒதுங்கிவிடுவார்கள். ஆடியில் வாங்கத் துணிந்தவனுக்குத் தள்ளுபடியும் உண்டு, வண்டியும் சீக்கிரம் வரும். பணத்தைக் கட்டி பில்லை ஆடியில் போட்டுக்கொண்டு, ஆவணி பிறந்ததும் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப்போய் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கணபதி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டிசம்பரில் எடுத்தால் இன்னொரு கணக்கு பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும், விற்கும்போது வருஷத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

பையன் காத்திருப்பது என்று முடிவு செய்தான். நான் நான்கு காரியம் சொன்னேன். ஷோரூம்காரர் மேல்விலை போட மாட்டேன் என்பதை எழுத்தில் வாங்கு. மாடல் ஆண்டு மாறினால் எந்த விலை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல். 2022 ஆர்டரில் தயாராகாமல் போனவை 2023-க்குத் தள்ளப்பட்டபோது விலை ஏறியிருந்தது, அது ஊரறிந்த கதை. முன்பணம் திரும்பி வருமா என்று கேள். பழைய காரை, புதியது வாசலுக்கு வந்து சாவி கைக்கு வந்த பிறகுதான் விற்க வேண்டும். இதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

என் தங்கைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையான்னு அவன்கிட்ட சொல்லுவேன்னு பார்த்தா, நீங்க டாலரை எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். காத்திருக்கத்தானே சொன்னேன் என்றால், அதற்கும் கோபம்.

முந்தாநாள் அவனுக்குத் தகவல் வந்திருக்கிறது. ஃபாக்டரியில் வண்டிக்கு வாரம் குறித்துவிட்டார்கள், சேசிஸ் நம்பரும் வந்துவிட்டது. ஹெர்மோசியோவிலிருந்து ரயில் ஏறி வந்து சேர்கிற நாளைக் கணக்குப் போட்டால், ஆடி பத்துக்குள் விழுகிறது. சொன்னதைவிடச் சீக்கிரம். "என்ன மாமா செய்ய, ஆவணி வரைக்கும் ஷோரூமிலேயே வைக்கச் சொல்லவா?" என்றான். தங்கை பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. டல்லாசில் ஏது ஆடி, போய் எடு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என் போனை எடுக்கவில்லை.