பொள்ளாச்சி இட்டேரியில் ஒரு பழைய எக்ஸ்பல்ஸ்: வாங்கும் முன் ஓட்டிப் பார்த்த விவரம்

ஆனைமலைக்கு அருகில் உள்ள எங்கள் தென்னந்தோப்புக்குப் போகும் வழியில் கடைசி இரண்டு கிலோமீட்டர் இட்டேரிதான். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே டிராக்டர் சக்கரம் அறுத்த இரண்டு தடம். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் கணுக்கால் அளவு புழுதி. இத்தனை ஆண்டுகளும் ஒரு சாதாரண 100 சிசி வண்டியிலேயே அதைக் கடந்து வந்த நான், இந்த முறை ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஒன்றைப் பழையதாக வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். இரண்டும் ஸ்போக் கம்பிச் சக்கரங்கள். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. முன் ஷாக் அப்சார்பர் 190 மில்லிமீட்டர் வரை இறங்கி ஏறும். பெரிய முன்சக்கரம் குழியில் விழாமல் அதன் விளிம்பின் மேல் உருண்டு போகும் என்பதால், கல்லும் வேருமான பாதையில் கைப்பிடி பிடுங்கிக்கொள்வது குறைகிறது. எடை ஏறத்தாழ 158 கிலோ. சேற்றில் சாய்ந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம் என்பது தோப்புக்குத் தனியாகப் போகிறவனுக்குப் பெரிய விஷயம்.

முதலில் கோயம்புத்தூரில் ஒரு பழைய வண்டிக் கடையில் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோதே எஞ்சின் சூடாக இருந்தது; குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று அதில் பார்க்க முடியாது. மெயின் ரோட்டில் மட்டும்தான் ஓட்ட வேண்டும், மண் பாதையில் இறக்கக் கூடாது என்றார்கள். மண் பாதைக்காகவே செய்த வண்டியை அங்கே ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் பேச்சுவார்த்தைக்கு வேலையில்லை என்று திரும்பிவிட்டேன்.

இரண்டாவது வண்டி பொள்ளாச்சியில் ஓர் இளைஞரிடம் இருந்தது. டிஎன் 41 பதிவு, 2022 மாடல், முதல் ஓனர், 23,000 கிலோமீட்டர் ஓடியது. முந்தின நாளே போனில், “நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க தம்பி” என்று கேட்டுக்கொண்டேன். “சரிங்ணா, தொடவே மாட்டேன், நீங்களே வந்து எடுங்க” என்றார், சொன்னபடியே வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு எஞ்சின் மேல் கை வைத்தபோது ஜில்லென்று இருந்தது. முதல் அழுத்திலேயே பிடித்து, ஒரு நிமிடத்தில் ஐடிலிங் நிதானமானது. சைலன்சரில், எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை இல்லை. எஞ்சினைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

இந்த வகை வண்டியில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவிநாசி ரோட்டில் வேலைக்குப் போய்வந்த 40,000 கிலோமீட்டரை விட, கரட்டிலும் பாறையிலும் குதித்த 8,000 கிலோமீட்டர் வண்டியை அதிகம் வாட்டியிருக்கும். அது எந்த மாதிரி ஓட்டம் என்பதை வண்டியின் அடிப்பாகம் சொல்லிவிடும். செல்போன் டார்ச்சுடன் தரையில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகட்டில் நீளவாக்கில் கீறல்கள் இருந்தன. அதற்காகத்தானே அந்தத் தகடு. அதைத் தாண்டி ஃபிரேம் குழாய்களில் நசுங்கலோ, புது வெல்டிங்கோ, புதிதாக அடித்த கறுப்புப் பெயின்டோ இல்லை. அதில் ஒன்றாவது கண்ணில் பட்டிருந்தால் ஓட்டிப் பார்க்காமலேயே கிளம்பியிருப்பேன்.

முக்கியமான குறை முன்பக்கத்தில்தான் இருந்தது. அடியில் மரக்கட்டை கொடுத்து, அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்தோம். பிறகு ஒரே விரலால் ஹேண்டில்பாரை இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில்பார் சரியாக நேர்க்கோட்டுக்கு வந்ததும் சின்னக் குழியில் விழுந்ததுபோல் ‘டுக்’ என்று நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் அதைத் தாண்டியது. ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்கான கோன் செட் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். முன்சக்கரம் குழியில் அடிபடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் விழுகிறது. வலது ஃபோர்க் குழாயில் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தபோது மெல்லிய எண்ணெய்க் கோடு ஒட்டியது. ஆயில் சீல் கசியத் தொடங்கியிருந்தது. சிறு ஸ்பேனரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டியதில் பின்சக்கரத்தில் இரண்டு மட்டும் மணியொலி தராமல் மொத்தையாகச் சத்தமிட்டன, அவை தளர்ந்திருந்தன. ரிம்மில் லேசான கோட்டம், கோட்டம் எடுத்தால் போதும் என்ற அளவில்.

பிறகு ஓட்டினேன். ஆழியாறு ரோட்டில் ஐந்தாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால், கிளட்ச் நழுவும் வண்டியில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இதில் இரண்டும் சேர்ந்தே ஏறின. 80 வரை இயல்பாக ஓடுகிறது, 19.1 பிஎஸ் திறனுள்ள, ஐந்து கியர் மட்டுமே கொண்ட வண்டி என்பதால் நெடுஞ்சாலையில் அதற்கு மேல் விரட்டுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். உதிரி மண் இறக்கத்தில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பூட்டி இறங்க அது வசதியே, ஆனால் மழைக்கால ஈரத் தாரில் பின் பிரேக்கை அளந்து மிதிக்க வேண்டும்.

தார் ரோட்டில் ஒரு குறையும் தெரியாத அதே வண்டி, வாய்க்கால் கரையில் இறங்கியதும் உண்மையைச் சொன்னது. நடக்கும் வேகத்தில், ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்டும்போது, நேராகப் போவதற்குக் கைப்பிடியில் செய்ய வேண்டிய சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு அந்தக் கோன் செட் பள்ளம் ஒவ்வொரு முறையும் தடை போட்டது. வண்டி தடத்தை விட்டு இங்கும் அங்கும் அலைந்தது. பின் மோனோஷாக் மட்டும் மேடுபள்ளத்தில் அடித்தட்டாமல், இரண்டாவது துள்ளல் இல்லாமல் அமர்ந்தது. திரும்பி வந்து சூடான எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன், தயங்கவில்லை.

ஆவணங்களில் ஒரு சிக்கல் இருந்தது. கடன் கட்டி முடித்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும், வங்கியின் பெயரை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் வந்த பிறகே முழுப் பணம் தருவதாகச் சொல்லி, வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்கு இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அவர் கேட்டது 1,05,000 ரூபாய். கண்ட குறைகளை ஒளிக்காமல் எடுத்துக்காட்டி, செலவுக் கணக்கை எழுதிக் காட்டினேன். அவரும் நியாயமாகவே கேட்டுக்கொண்டு 97,000 ரூபாய்க்கு இறங்கினார். கோன் செட், ஆயில் சீல், கோட்டம் எடுத்தது எல்லாம் முடித்து மெக்கானிக் மறுபடி கட்டை மேல் நிறுத்தினார். விரலால் தள்ளிய ஹேண்டில்பார் நடுவில் எங்கும் நிற்காமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. இப்போது இட்டேரியில் தடம் மாறாமல் போகிறது. 825 மில்லிமீட்டர் சீட் உயரம் ஒன்றுதான் என் ஐந்தரை அடிக்கு இன்னும் பழகவில்லை. நிறுத்த வேண்டியிருந்தால் வரப்பு மேடாக உள்ள பக்கம் பார்த்துக் காலை ஊன்றுகிறேன்.